கயிற்றின் மறுமுனை

முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்த விருத்தாம்பாள் தற்செயலாகத் தலையைத் தூக்கினாள். கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த புருஷனின் வலது கையும் கல் பொறுக்கிக்கொண்டிருந்தது.

ஈ உட்கார்ந்திருக்கும், அதனால் விரல் துடிக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். சித்திரை மத்தியானம். ஜன்னலில் நனைத்துத் தொங்கவிட்டிருந்த சாக்கின் ஈரச் சணல் வாடையும், அதையும் மீறிப் புகுந்துவரும் நிலக்கரித் தூளின் புகைந்த வாடையும் அறைக்குள் கலந்து நின்றன. பக்கத்து வீட்டு வெள்ளைச்சாமி நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குவதால் அந்த பிளாக்கில் அந்நேரத்துக்கு யாரும் பாத்திரம்கூட ஓசைப்படத் தேய்ப்பதில்லை. சுரங்கத்துக்குள் ஊறும் தண்ணீரை ராப்பகலாக இறைத்துக் கொட்டும் பம்புகளின் இரைச்சல் மட்டும் தரைக்கடியிலிருந்து கிளம்பி, சிமென்ட் தளம் வழியாக உட்கார்ந்திருப்பவளின் இடுப்பெலும்புவரை ஏறி, ம்ம்ம் என்று நின்றுகொண்டிருந்தது. அந்த அரை இருட்டில், கட்டிலின் விளிம்பில், கொளஞ்சியப்பனின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எதையோ கிள்ளின. பக்கவாட்டில் சுண்டி எறிந்தன. மறுபடி கிள்ளின.

அவள் நிறுத்தினாள். அந்தக் கையும் நின்றது.

ஒரு கல்லை எடுத்தாள். அதுவும் எடுத்தது.

மாசி மாதத்திலிருந்து அறுத்துப்போட்ட வாழைத்தண்டாகக் கிடந்த கை. அது அசைந்தால் முறத்தைத் தள்ளிவிட்டு ஓடிப்போய் ஆளை எழுப்பியிருக்க வேண்டும். அவள் எழுந்திருக்கவில்லை. கொளஞ்சியப்பன் பிறந்ததிலிருந்து ஒரு நாளும் அரிசியில் கல் பொறுக்கியவனில்லை. தவிர, கல்லைச் சுண்டும்போது சுண்டு விரலைத் தனியாகத் தூக்கிக்கொள்வது அவளுடைய பழக்கம். என்ன பெரிய ராணியா என்று அவள் அம்மா அதற்காகவே கையில் தட்டியிருக்கிறாள். கட்டிலில் கிடந்த அந்தத் தடித்த, நகம் கறுத்த கையிலும் சுண்டு விரல் தனியாகத் தூக்கிக்கொண்டு நின்றது.

கொளஞ்சியப்பன் மைன்ஸில் மண் ஏற்றிப்போகும் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் களிமண்ணை மம்பட்டியால் வாரிப்போடும் வேலைக்காரன். மாசியில் ஒரு நாள் மம்பட்டி கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவன் அப்படியே சரிந்துவிட்டான். வலது கை, வலது கால், வாய், எல்லாம் விழுந்துவிட்டன. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவந்து, கம்பை ஊன்றி இழுத்து இழுத்து நடந்தான். வாயில் நாலைந்து சொல் வந்தது. கை வரவில்லை.

ஆனி மாதம் மெடிக்கல் போர்டு. மம்பட்டியைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினால் வேலை. இல்லாவிட்டால் அன்ஃபிட். அன்ஃபிட் என்றால் குவார்ட்டர்ஸ் போய்விடும். திரும்பிப் போவதற்கு ஊர் கிடையாது. அவர்கள் குடிசை இருந்த இடத்தில் இப்போது எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிற சுரங்கப் பள்ளம் இருந்தது. குறிஞ்சிப்பாடியில் தங்கச்சி வீடு ஒன்று உண்டு, அங்கே தறிக்கும் சுவருக்கும் நடுவில் ஆள் படுக்க இடமில்லை.

அந்தக் கை அவளை அடித்த கைதான். கட்டை விரலைக் கைக்குழந்தை மாதிரி உள்ளே மடக்கி, மற்ற நாலு விரலால் அதை மூடித்தான் அவன் முஷ்டி பிடிப்பான். ஓங்கியதும் உடனே இறக்க மாட்டான். காதுவரை பின்னால் சாய்த்து ஒரு கணம் நிறுத்துவான். அந்த ஒரு கணம்தான் அடியைவிட மோசம். கை விழுந்த அன்றைக்கு விருத்தாம்பாள் ஆஸ்பத்திரி வாசலில் புரண்டு அழுதாள். வீட்டுக்கு வந்து, கல்யாணமானதிலிருந்து தூங்காத தூக்கமெல்லாம் சேர்த்துத் தூங்கினாள்.

கப்பி வைத்த இரும்புச் சட்டத்தைக் கொண்டுவந்து மாட்டியவர் டாக்டர் மருதாசலம். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். பக்கவாதத்தில் விழுந்த கையைக் கருவி வைத்து எழுப்ப முடியுமா என்று பெரிய பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்துகொண்டு, வாரத்துக்கு ஒரு நடை மெட்ராஸிலிருந்து வந்துபோனார். கண்ணுக்குக் கீழே எப்போதும் கருப்பு விழுந்திருக்கும். பஸ் புழுதியோடு வந்து, ஃபேன் கொக்கியில் சட்டத்தைத் தொங்கவிட்டு, கயிற்றின் ஒரு முனையில் இருந்த தோல் வாரைக் கொளஞ்சியப்பனின் வலது மணிக்கட்டிலும் மறுமுனையை இடது கையிலும் கொடுத்தார்.

"நல்ல கை இழுக்கோணும், விழுந்த கை மேல வரோணும். தெனமும் அரை நாளு பண்ணுனாத்தானுங்க பலன்."

"இழுக்கச் சொன்னா அழுவுறாரு டாக்டர் ஐயா. நானே இழுத்து வுட்டா என்னாங்க?"

"வேண்டாமுங்க." அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். "ரெண்டும் ஒரே ஆளோட கையா இருக்கோணும். கைக்கு இப்ப ஒண்ணும் தெரியாது, பச்சப் புள்ள மாதிரி. யாரு இழுக்கறாங்களோ அவங்க பேச்சைத்தான் கேட்டுப் பழகும்."

அவர் பஸ் ஏறியதும் கொளஞ்சியப்பன் ஒருமுறை இழுத்தான். மறுமுறை அழுதான். கயிற்றை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

பக்கத்தில் உட்கார்ந்து இழுத்துவிட அவளுக்கு ஏது நேரம்? பாதிச் சம்பளம்தான் வந்தது. ஆபீசர் குவார்ட்டர்ஸுக்கு இட்லி மாவு ஆட்டிக் கொடுத்துத்தான் அடுப்பெரிந்தது. அடுக்களையில் ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருப்பாள். அவளுக்கு அந்த யோசனை வந்தது ஆட்டிக்கொண்டிருக்கும்போதுதான். கை எப்படியும் சுற்றிக்கொண்டுதானே இருக்கிறது? கட்டிலை அடுக்களைக் கதவோரம் நகர்த்திப் போட்டாள். கயிற்றின் மறுமுனையோடு கிணற்றுத் தாம்பைச் சேர்த்து முடிந்து, கதவுக்கு மேலிருந்த வெண்டிலேட்டர் கம்பி வழியாக விட்டு, முனையைத் தன் வலது மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். குழவி அந்தப்பக்கம் போகும்போது அறையில் அவன் கை மேலேறியது. இந்தப்பக்கம் வரும்போது இறங்கியது. கப்பி க்ரீச், க்ரீச் என்றது.

"ரெண்டு வேலையும் ஒண்ணா முடியுதுய்யா," என்று கத்திச் சொன்னாள். "நீ கம்முனு படுத்துகினு இரு."

இது நடந்தது பங்குனியில், அந்தக் கை கல் பொறுக்குவதற்கு முன்.

அடுத்த நடை வந்தபோது டாக்டர் தோளில் கருவியை வைத்துக் கோணம் அளந்தார். மறுபடியும் அளந்தார். புருவம் ஏறியது.

"நல்லா வருதுங்களே. அவரே இழுக்கறாருங்களா?"

"அவருதாங்க. வேற யாரு?"

கொளஞ்சியப்பன் அவளைப் பார்த்தான். கோணிய வாயைத் திறந்து மூடிக்கொண்டான்.

கல் பொறுக்கிய விஷயத்தை அவள் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? டாக்டர் சிரிப்பார். சிரிக்காவிட்டால் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு போவார். ஆனி நெருங்கிக்கொண்டிருந்தது.

வைகாசியில் ஒரு மத்தியானம் மாவுக்குத் தண்ணீர் தெளிக்கக் குழவியை நிறுத்தினாள். அறையில் கப்பி நிற்கவில்லை.

க்ரீச். க்ரீச்.

எங்கோ ஒரு வீட்டில் பண்ருட்டிப் பலாப்பழத்தை அறுத்திருந்தார்கள். அந்தத் தித்திப்பு வாடை புளித்த உளுந்தின் வாடையோடு சேர்ந்து குமட்டியது. செம்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் கட்டியிருந்த கயிறு விறைத்தது. கையை இழுத்தது. விட்டது. மறுபடி இழுத்தது, முரட்டுத்தனமில்லாமல், வேலை தெரிந்த ஒருத்தி பக்கத்திலிருந்து கை கொடுப்பது மாதிரி. அவள் கை போய்க் குழவியின் மேல் உட்கார்ந்தது. குழவி சுற்றியது. அவள் தள்ளவில்லை. தோளில் பாரமில்லை. கல் கரகரவென்று சுற்றிக்கொண்டே இருந்தது.

எட்டிப் பார்க்கலாம். ரெண்டு முழத்தில் கதவு.

பார்க்கவில்லை. பயம்தான். ஆனால் பயத்தைவிட அசதி பெரிதாக இருந்தது. எத்தனை வருஷமாகத் தனியாகச் சுற்றிய கல். முதுகைச் சுவரில் சாய்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஆட்டட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கமலா வந்தாள். வெள்ளைச்சாமியின் பெண்டாட்டி, மதுரைப் பக்கத்துக்காரி.

"ஏக்கா, மாவுல என்ன மாயம் பண்ணின? வெண்ணெய் கணக்கா இருக்கு. எங்க வீட்டு மகராசன் சட்டி இட்லியையும் முழுங்கிட்டுக் குப்புறப் படுத்துட்டாரு. ஷிப்டுக்கு எழுப்ப நான்தான் சங்கு ஊதணும்."

"ஊதேன். ஊருக்கே கேக்கும்."

"ஒரு ஆளு ஆட்டுன மாவு இல்லக்கா அது. யாரையோ கூட்டுக்கு வச்சிருக்க, எனக்குத் தெரியாமயா?"

விருத்தாம்பாள் சிரித்துக்கொண்டே டம்ளரில் காப்பியை நீட்டினாள். டம்ளர் தரையில் விழுந்து உருண்டது. அவள் விடவில்லை. விரல் விட்டுவிட்டது. கீழே குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மொகமே வெளுத்துக் கெடக்குக்கா. ரெண்டு நாளு கல்லைத் தொடாம கெட."

"ஆனி தாண்டட்டும்டி."

அதன்பின் கோலப்பொடி விரலில் நிற்கவில்லை. முடியை அள்ளிச் செருகக் கை தலைவரை ஏறவில்லை, ஏறினாலும் எதற்கு ஏறினோம் என்று அதற்கு மறந்துபோனது. ராத்திரியில் மணிக்கட்டு சில்லிட்டு, பக்கத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரிக் கிடந்தது. கட்டிலில் அவன் வலது கை நாளுக்கு நாள் சதை பிடித்தது. தூக்கத்தில் அது வேலை செய்தது. இல்லாத பாத்திரத்தைத் தேய்த்தது. இல்லாத துணியைப் பிழிந்தது. ஒருமுறை அவனுடைய பனியன் நுனியை நீவி, மடித்து, வயிற்றில் வைத்துத் தட்டியது. அவள் சேலையை மடித்தபின் தட்டுவதுபோல.

கொளஞ்சியப்பன் கண்ணை விழித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூங்கவில்லை அவன்.

"நா... இல்ல," என்றான். எச்சில் ஒழுகியது. "விருத்தா... நா இல்ல."

அன்றைக்கே கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி ஆணியில் மாட்டினாள்.

மறுநாள் கல் மலையாகக் கனத்தது. இடது கையால் பாதி ஆட்டி, மாவு திப்பிதிப்பியாக வந்து, ஆபீசர் வீட்டம்மாள் முகம் சுளித்தாள். கட்டிலில் அவன் கை தொய்ந்து கிடந்தது. மம்பட்டிக் காம்பைக் கொடுத்துப் பார்த்தாள். நழுவி விழுந்தது. அடுத்த நாளும் விழுந்தது. வாசலில் நின்று சுரங்கப் பக்கம் பார்த்தாள். புழுதிதான் எழும்பிக்கொண்டிருந்தது. போர்டுக்கு ஒரு வாரம்.

ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தாள். வலது கைக்கு முடிச்சுப் போட வரவில்லை. ஒரு நுனியைப் பல்லால் கடித்து இடது கையால் இறுக்கினாள்.

"வே... வேணாம்," என்றான் கொளஞ்சியப்பன் அறையிலிருந்து.

"எங்க போயி குந்துறது? சொல்லு. எங்க போயி குந்துறது?"

அவள் குழவியைத் தள்ளினாள். கப்பிதான் பதில் சொன்னது.

போர்டன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் டெட்டால் வாடை மூக்கை அறுத்தது. கதவோரம் நின்றாள். உள்ளே மேஜைக்குப் பின்னால் பெரிய டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஓரமாக மருதாசலம். பியூன் மம்பட்டியை நீட்டினான். கொளஞ்சியப்பனின் வலது கை அதைப் பிடித்தது. தூக்கியது. தலைக்கு மேல். நடுங்காமல்.

"குட்," என்றார் ஒருவர். "கீழ வச்சிட்டுக் கையை மட்டும் தூக்குப்பா."

பெரிய மனிதர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. முந்தானை சரிந்ததுபோல் பட்டது. இழுத்துவிட்டுக்கொள்ளக் கையைத் தூக்கினாள்.

கை வரவில்லை.

உள்ளே கொளஞ்சியப்பனின் கை தோளுக்கு ஏறியது. வெறும் சட்டையின் மேல் எதையோ பிடித்தது. மார்புக்குக் குறுக்கே இழுத்தது. தோளில் போட்டு, கழுத்தோரம் அழுத்திவிட்டது. சுண்டு விரல் தனியாக நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. "ஃபிட்" என்றார்கள். கொளஞ்சியப்பன் திரும்பிக் கதவோரம் நின்றவளைத்தான் பார்த்தான். அப்படி ஒரு பயத்தை அவள் அந்த முகத்தில் பார்த்ததில்லை. அவளுடைய முந்தானை சரிந்தே கிடந்தது.

சட்டத்தைக் கழற்ற வந்த டாக்டர் மருதாசலம் அவளைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார். அவள் கையைத் தூக்கிவிட்டார். தொப்பென்று விழுந்தது. நாக்கை நீட்டச் சொன்னார். ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு வந்தது.

"எத்தனை நாளா இருக்குது?"

"மெ... மெல்ல வந்துச்சுங்க."

அவர் கட்டிலில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டார். "சட்டம் இங்கயே இருக்கட்டும்," என்றார். ஊசி போட்டார். தோல் வாரை அவள் மணிக்கட்டில் மாட்டினார். கொளஞ்சியப்பனிடம் திரும்பி, "கேட்டுக்குங்க. அவங்க இடது கையாலதான் இழுக்கோணும். நீங்க இழுக்கக் கூடாது," என்றார்.

கொளஞ்சியப்பன் தலையை ஆட்டினான். அதற்குள் அவன் வலது கை கயிற்றைப் பிடித்திருந்தது.

டாக்டரின் செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. மத்தியானம். சாக்கை யாரும் நனைக்கவில்லை, காய்ந்து மொடமொடத்தது. பக்கத்து வீட்டில் வெள்ளைச்சாமியின் குறட்டை. பம்புகள் ம்ம்ம் என்றன. அவள் கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். இடது கைக்குத் தெம்பில்லை. எதற்குமே தெம்பில்லை. முகத்துக்கு நேர் மேலே கப்பி தொங்கியது.

"வுடு," என்றாள். "அப்பறம் பாத்துக்கலாம். வுடுய்யா."

"நா இல்ல," என்று அழுதான் கொளஞ்சியப்பன். இடது கையால் வலது கையின் விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். பிரியவில்லை. அந்தக் கை அவளுக்கு ஒத்தாசைதான் செய்யப் பார்த்தது. பதமாக. பொறுமையாக. அவளைப் போல.

க்ரீச்.

அவள் கை எழுந்தது. மார்புக்கு மேல். கழுத்துக்கு மேல்.

க்ரீச்.

முகத்துக்கு மேல்.

செத்த விரல்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அப்புறம் கட்டை விரல் அசைந்தது. மெல்ல உள்ளே மடங்கியது. மற்ற நாலும் ஒவ்வொன்றாக வந்து அதை மூடின.

கொளஞ்சியப்பனின் வாயிலிருந்து ஊளை மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவன் கை கயிற்றை விட்டுவிட்டது. கயிறு சரசரவென்று கப்பியில் ஓடி, முழுசாகத் தொய்ந்து, அவள் வயிற்றின் மேல் விழுந்தது. சுவரோரம் குந்திக்கொண்டான். அவனுடைய வலது கை தலையில் முக்காடு இழுப்பதுபோல் இழுத்தது.

அவள் கை இறங்கவில்லை.

தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லாமல் அது நின்றது. அந்த முஷ்டியை அவள் கீழே கிடந்து பார்த்துத்தான் பழக்கம். இப்போதும் கீழேதான் கிடந்தாள். இத்தனை நாள் தெம்பில்லாத இடது கை, பழைய வழக்கத்தில் தானாக ஓடிவந்து முகத்தை மூடியது.

விரல் இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

முஷ்டி மெல்லக் காதுப்பக்கம் பின்னால் சாய்ந்தது. நின்றது.